தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் முதல் வேலைக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் நன்னடத்தை அலுவலர். திருவண்ணாமலையில் எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த அம்மாள் அந்தப் பெயரைக் கேட்ட அன்றே முகம் மாறிவிட்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு காலையில் கிணற்றடியில் வைத்துக் கேட்டேவிட்டார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. நன்னடத்தையில உங்களை எதுக்குப் போட்டாங்க? இன்னா பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலைம்மா. பண்றவங்களைப் போய் விசாரிக்கறதுதான் என் வேலை. கொழந்தைங்களை அடிக்கிறவங்க, பட்டினி போடறவங்க, விக்கிறவங்க…”

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“அடிக்கிறதுன்னா எந்த அளவுக்கு?” என்றார்.

அவருக்கு மூன்று பையன்கள். அன்று முதல் அந்த வீட்டில் யாருக்காவது அடி விழும் நேரத்தில் ரேடியோ சத்தம் மட்டும் திடீரென்று கூடிவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. எங்களுக்கு மாவட்டத் தலைநகர் வேலூர். என் மேலதிகாரி அங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலைக்கும் சுற்றியிருந்த ஊர்களுக்கும் நான் ஒருத்திதான். எனக்கென்று ஆபீஸ் கிடையாது. எடைக்கல், தராசு சோதனை செய்கிற ஒருவரின் அறையில் ஒரு மூலையும் ஒரு மேஜையும் கொடுத்திருந்தார்கள். கள்ளத் தராசுகளை அவர் பறிமுதல் செய்து என் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கிவைப்பார். விசாரணைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. ஒரு பையன் அழுதுகொண்டே வந்து, போகும்போது போகமாட்டேன் என்று தராசைக் கட்டிக்கொண்டு அழுதான். இதை நான் என் வேலையின் முதல் வெற்றியாகக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

வேலையில் பெரிய தொல்லை பெற்றோர்கள் இல்லை, என் தோள்பைதான். அந்தக் காலத்தில் தோளில் பையும் கையில் குடையுமாக ஒரு பெண் தெருவுக்குள் நுழைந்தால் அதற்கு ஒரே அர்த்தம், குடும்பக் கட்டுப்பாடு. ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டாள் என்று எண்ணி ஆண்கள் எல்லாம் கொல்லைப்பக்கமாக வேலி தாண்டி ஓடுவார்கள். நான் தெரு முனையில் நின்று, “நான் அவங்க இல்லீங்க! நான் வேற!” என்று கத்துவேன். அப்படியானால் தடுப்பூசி போடுகிறவள் என்று முடிவு செய்து பிள்ளைகள் ஓடும். கடைசியில் மிஞ்சுவது ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர். அவரை விசாரித்து நான் என்ன அறிக்கை எழுதுவது?

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் அந்த மொட்டை மனு வந்தது. அடி அண்ணாமலையில் ஒரு பெண் தான் பெற்ற ஆண் குழந்தையை விலைக்கு விற்றுவிட்டாள், வாங்கியவள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள், அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கோபமாக எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அதிகாரி நான்தான் என்பதால் எனக்கும் கோபம் வந்தது. வந்த கோபத்தோடு டவுன் பஸ் ஏறினேன்.

மலையைச் சுற்றிக்கொண்டு போய் பஸ் இறக்கிவிட்டது. வழக்கம்போல ஆண்கள் வேலி தாண்டினார்கள். ஒருவர் மட்டும் ஓடாமல், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலிலேயே எனக்காகக் காத்திருந்தார்.

“வாங்க வாங்க. மனு வந்து சேர்ந்துச்சுங்களா?” என்றார்.

“எந்த மனு?”

“யாரோ போட்டாங்களாம். யார்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பக்கம் எழுதியிருப்பாங்களே? ரெண்டாம் பக்கத்தைப் படிச்சீங்களா? அதுலதான் விஷயமே இருக்குது.”

படித்ததாகச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். காபி கொண்டுவரச் சொன்னார். எதிர்வீட்டுக்காரியின் ஆடுகள் தன்னுடைய கனகாம்பரச் செடிகளை மூன்று முறை மேய்ந்துவிட்டதையும் அவரே சொன்னார். எதிர்வீட்டுக்காரி யார் என்றால், பிள்ளையை வாங்கியவள்.

நான் அவளிடம் போனேன். வாசலில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல ஆகிருதி, பெரிய குரல். சுற்றிலும் பிள்ளைகள். எண்ணிப் பார்த்தேன், ஏழு. கிராமத்தில் எடுத்த எடுப்பில் கேட்கக்கூடாது, சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் மழையில் ஆரம்பித்து, மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலை விளைச்சலுக்கு வந்து, இந்த வருஷம் கொட்டை பிடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னா வேணும்னு நேராவே கேளும்மா. எனக்கு அடுப்புல களி இருக்குது.”

“பக்கத்து வீட்டுக் கொழந்தையை நீங்க விலைக்கு வாங்கினதா…”

“ஆமா, வாங்கினேன்.”

முதல் கேள்விக்கே ஒப்புக்கொள்கிற குற்றவாளியை எப்படிக் கையாள்வது என்று பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

“எவ்வளவுக்கு?”

“ஒரு படி தவுட்டுக்கு. வேற எதுக்கு வாங்குவாங்க?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று அண்ணன் கேலி செய்ய, அம்மாவிடம் போய் அழாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? எங்கள் பக்கத்தில் அது வெறும் கேலி. இங்கே நிஜமாகவே படி வைத்து அளக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் நன்றாகத் தங்கியிருக்க வேண்டும். விற்ற பிறகு அது அவள் பிள்ளை. பெற்றவள் அதைக் கூலிக்கு வளர்ப்பவள் மாதிரி வளர்க்கவேண்டியது. எமன் வந்து கதவைத் தட்டினால் இந்த வீட்டில் பிள்ளையே இல்லை.

“ஏழு இருக்கே, இது வேறயா?” என்று கேட்டுவைத்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏழும் சாமி சும்மா குடுத்தது. இது ஒண்ணுதான் நான் வெல குடுத்து வாங்கினது” என்றாள்.

பையனைப் பார்க்க வேண்டும் என்றேன். பக்கத்து வீட்டு வாசலைக் கை காட்டினாள். அங்கே ஒல்லியாக ஓர் இளம்பெண் பானை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சிறுமி, ஐந்து வயது இருக்கும். ரெட்டைப் பின்னல், மூக்கில் சின்ன வளையம், மண்ணில் புரளும் பாவாடை. நான் குனிந்து அதன் கன்னத்தைத் தட்டி, “உன் தம்பி எங்கடா கண்ணு?” என்றேன்.

சிறுமி என்னை முறைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகப் போய் நின்றபடியே ஒன்றுக்குப் போயிற்று. வாங்கினவளின் ஏழு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தன. நான் தேடி வந்த ஆண் குழந்தை அதுதான். முடி கோயிலுக்கு நேர்ந்தது, மூக்கு வளையம் எமனை ஏமாற்ற, பாவாடை வாங்கினவளின் மூன்றாவது பெண்ணுடைய பழசு. எமன் ஏமாந்தானோ என்னவோ, அரசாங்கம் நன்றாக ஏமாந்தது.

பானை கழுவிக்கொண்டிருந்த பெற்றவளையும் கேட்டேன், விற்றுவிட்டதாகத்தான் அவளும் சொன்னாள். சிரித்துக்கொண்டே பஸ் ஏறி ஊர் திரும்பினேன். வழக்கம் சார்ந்த விஷயம், குற்றம் எதுவும் இல்லை என்று அரைப் பக்கத்தில் அறிக்கை எழுதினேன். மாதக் கூட்டத்துக்கு வேலூர் போனபோது மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அன்றைக்கு யாருக்கோ திட்டு என்று அர்த்தம்.

“வித்தவ வித்தேங்கறா. வாங்கினவ வாங்கினேங்கறா. என் சர்வீஸ்ல ரெண்டு தரப்பும் இவ்வளவு சுத்தமா ஒத்துப்போன கேஸை நான் பாத்ததே இல்லை. நீ என்னடான்னா குற்றம் இல்லைன்னு எழுதியிருக்கே.”

“சார், ஒரு படி தவிடு சார்.”

“வெல கம்மின்னா குற்றம் இல்லையா?”

“அது சும்மா ஒரு பேச்சுக்கு சார். உங்களைக்கூடச் சின்ன வயசுல வீட்ல தவிட்டுக்கு வாங்கினதாச் சொல்லியிருப்பாங்களே.”

“என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை” என்றார். முகம் சிவந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அந்த வயதில் தெரியாது. இந்த வயதிலும் தெரியாது.

மனு மேலிடம் வரை போயிருப்பதாகவும், அதை அவரால் அப்படியே மூட முடியாது என்றும் சொன்னார். பெற்றவள் தன் வாயால், இது என் பிள்ளை, நான்தான் வளர்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதை நான் எழுதி வாங்கிவர வேண்டும். அப்படி வாங்கினால் கோப்பை மூடலாம். இல்லையென்றால் பையனைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தி இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லம் என்றால் வேலூரில் அரசாங்கம் நடத்திய குழந்தைகள் இல்லம். கெட்ட இடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போய்ப் படுக்கிற இடமும் இல்லை.

இது என்ன பிரமாதம், ஒரு வரிதானே என்று நினைத்துக்கொண்டு மறுபடி அடி அண்ணாமலைக்குப் போனேன்.

பெற்றவள் எனக்குப் பாய் போட்டாள், மோர் கொடுத்தாள். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான், தீபத்துக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். வீட்டில் அவளும் பையனும்தான். விற்ற பிள்ளை ராத்திரியும் பகலும் அவளோடுதான் இருந்தது. அவள் சோற்றைத்தான் தின்றது, அவள் பக்கத்தில்தான் தூங்கியது. ஆனால் அவளை ‘அத்தை’ என்றும் பக்கத்து வீட்டுக்காரியை ‘அம்மா’ என்றும் கூப்பிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “இவன் யார் பிள்ளை? சொல்லும்மா, எழுதிக்கறேன்” என்றேன்.

“அக்காவோடதுங்க” என்றாள், பக்கத்து வீட்டைக் காட்டி.

“நீதானேம்மா பெத்தே?”

“நான் வளக்கறேங்க. புள்ள அவங்களுது.”

“அது எனக்குத் தெரியும். சர்க்காருக்காக ஒரு தடவை சொல்லு, போதும்.”

“சர்க்காருக்குச் சொன்னா சாமிக்குக் கேக்காதாம்மா?”

வாயால் சொல்ல வேண்டாம், நான் கேட்கிறேன், தலையை மட்டும் ஆட்டு என்றேன். ஆட்டினாலும் சொன்ன மாதிரிதானே என்றாள். நானே எழுதிக்கொள்கிறேன், கைநாட்டு மட்டும் வை என்றேன். கட்டைவிரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. நீ சொல்லாவிட்டால் போலீஸ் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மொட்டை அடித்து வேலூரில் போட்டுவிடும், மாதம் ஒரு தடவைதான் பார்க்கலாம், புரிகிறதா உனக்கு என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“இதுக்கு முன்னாடி ரெண்டு இருந்துச்சும்மா. ஒண்ணு பேர் வைக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. ஒண்ணு தவழ்ந்துச்சு. ரெண்டையும் எம்புள்ள எம்புள்ளன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். ரெண்டும் இல்ல. இதை ஒரு வாட்டிகூட நான் சொன்னதில்ல. இருக்குது பாருங்க.”

பையன் வாசலில் ஒரு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் பேனாவை மூடிவிட்டேன். படித்த படிப்பு, எடுத்த பயிற்சி எதிலும் இதற்கு ஒரு வார்த்தை இல்லை. மூட நம்பிக்கை என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அவளிடம் என்ன பேசுவது?

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வேலூருக்கு அனுப்பிவிட்டால் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். டாக்டர் வருவார் என்றேன். ராத்திரி பயந்துகொண்டால் என்றாள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை இரண்டையும் கோர்த்துக்கொண்டாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் மறுபடி பேனாவைத் திறந்தேன். அவள் வாயைத் திறந்தாள்.

பையன் தும்மினான்.

சாதாரணத் தும்மல்கூட இல்லை. கோழி கிளப்பிய தூசியில் அந்தச் சின்ன உடம்பே குலுங்குகிற மாதிரி ஒற்றைத் தும்மல். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கினவள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். “தும்மிட்டான்! ஒத்தத் தும்மல்! இன்னாடி சொல்லப் போன நீ?” என்று பெற்றவளைப் பிடித்து உலுக்கினாள். பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னொண்ணு தும்முடா ராஜா, ரெட்டையாப் போயிடும்” என்று நான் பையனைக் கெஞ்சினேன். அரசாங்க ஊழியரான நான், பட்டம் வாங்கிய நான், ஐந்து வயதுப் பையன் மூக்கில் துடைப்பக்குச்சியை விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அவன் தும்மவில்லை. கோழியைத் துரத்தப் போய்விட்டான்.

அத்தோடு வாக்குமூலம் போயிற்று. வழக்கு கோர்ட்டுக்கு வந்தது.

குழந்தைகள் வழக்கை மாஜிஸ்திரேட் தனியாக ஒரு சின்ன அறையில் விசாரிப்பார். அன்றைக்கு அந்த அறை தாங்கவில்லை. மேலதிகாரி வேலூரிலிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மனு யார் போட்டது என்று தெரியாத வெள்ளை வேட்டிக்காரர் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கினவள் தன் ஏழு பிள்ளைகளையும் கூட்டி வந்துவிட்டாள். பிள்ளையை நல்லா வளப்பாளான்னு கேப்பாங்க என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாட்சிக்கு ஏழு பேரையும் எண்ணெய் வழிய வழியத் தலை சீவி, பவுடர் பூசி, உயர வரிசையில் சுவரோரம் நிறுத்தியிருந்தாள். கோர்ட்டுச் சேவகரான டவாலி அவர்களை வெளியே தள்ளப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் தள்ளாமல் விட்டுவிட்டார்.

மாஜிஸ்திரேட் வயதானவர், அதிகம் பேசமாட்டார். காகிதங்களைப் புரட்டிவிட்டு வாங்கினவளைக் கேட்டார்.

“பையன் யார் பிள்ளைம்மா?”

“என்னுதுங்க. தவுட்டுக்கு வாங்கினேன்.”

பெற்றவளைக் கேட்டார். “அவங்க புள்ளைங்க” என்றாள். குரல் கேட்கவே இல்லை. என் மேலதிகாரி, பார்த்தாயா, எவ்வளவு சுத்தமான கேஸ் என்பது போல என்னைப் பார்த்தார். எனக்கு அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எடைக்கல்லோடு சேர்த்துப் பறிமுதல் செய்து வைக்கலாம் போலிருந்தது.

“பையனைக் கூப்பிடுங்க” என்றார் மாஜிஸ்திரேட்.

நான் பையனைக் கொண்டுபோய் அவர் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கோர்ட்டுக்கு என்று அரைக்கால் சட்டை போட்டிருந்தார்கள். மூக்கு வளையம் அப்படியே இருந்தது. மாஜிஸ்திரேட் அவனிடம் பேர் கேட்டார், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அவன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலை நீட்டினான்.

“உங்க வளையம் எங்க?” என்றான்.

அறையில் ஒருவருக்கும் புரியவில்லை. மாஜிஸ்திரேட்டுக்குப் புரிந்துவிட்டது. அவர் கை தானாக மூக்குக்குப் போயிற்று. வலது மூக்கில், கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, தூர்ந்துபோன ஒரு பழைய ஓட்டை. எத்தனையோ தடவை அவர் முன்னால் நின்றிருக்கிறேன், எனக்கு அது கண்ணில் பட்டதில்லை.

“கழட்டிட்டாங்கப்பா” என்றார்.

“யாரு?”

“எங்க வீட்லதான். எனக்குக் கல்யாணம் பேச வந்தாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க சிரிப்பாங்கன்னு கழட்டிட்டாங்க.”

சுவரோரம் நின்ற ஏழும் குபீரென்று சிரித்தன. டவாலி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஜிஸ்திரேட் யாரையும் அதட்டவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றவள் ஓரடி முன்னால் வந்தாள்.

“அய்யாவுக்கு இப்ப இன்னா வயசுங்க?”

“ஏய்! கோர்ட்ல கேள்வி கேக்கறியா?” என்று டவாலி பாய்ந்தார். மாஜிஸ்திரேட் அவரைக் கையமர்த்தினார்.

“அடுத்த வருஷம் ரிட்டையர் ஆவறேம்மா” என்றார்.

அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நரைத்த தலை, தொந்தி, கண்ணாடி, முழங்கால் வலிக்கென்று மேஜைக்கு அடியில் நீட்டிவைத்திருந்த கால், எல்லாவற்றையும் பார்த்தாள். தவிட்டுக்கு விற்ற பிள்ளை கிழவனாகிற வரைக்கும் இருக்கும் என்பதற்கு அவளுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கோர்ட்டில் தீர்ப்புக்கு முன்னால் யாரும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம், எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம் இதை எழுதவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார்.

“என்னைப் பெத்தவங்க கடைசிவரைக்கும் என்னைப் பேர் சொல்லித்தாம்மா கூப்பிட்டாங்க. தம்பின்னுகூட ஒரு நாள் சொன்னதில்லை. அப்பல்லாம் எனக்கு ரொம்பக் கோவம் வரும்.”

என் மேலதிகாரி தொண்டையைக் கனைத்தார். விற்பனை நடந்திருக்கிறது என்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை என்று நினைவுபடுத்தினார்.

“மறுக்கலைதான். சரி, பெத்தவங்க என் பிள்ளை இல்லைங்கறாங்க. அப்ப பிள்ளையைத் தகுதியுள்ள ஒருத்தர் பொறுப்புல விடலாம்னு உங்க சட்டமே சொல்லுது. இந்த அம்மாவுக்குத் தகுதி இருக்குதா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

மேலதிகாரி சுவரோரம் பார்த்தார். எண்ணெய் வடிகிற ஏழு முகங்கள் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டின. ஒன்றுக்குக்கூடச் சளி இல்லை, சிரங்கு இல்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவு அப்படியே ஆனது. பையன், வாங்கினவளின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறான். அவள் விரும்பினால் பக்கத்து வீட்டில் வைத்து வளர்த்துக்கொள்ளலாம். நன்னடத்தை அலுவலர் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். வெளியே வந்து நான் இதை இரண்டு பெண்களுக்கும் விளக்கினேன். வாங்கினவள் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, கோர்ட்டு முத்திரை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“முத்திரையே குத்திட்டாங்கடி. இனிமே எமன் வந்தா மேல் கோர்ட்டுக்குத்தான் போவணும்” என்று பெற்றவளிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள், எனக்கு மாற்றல் வரும் வரை, மாதம் தவறாமல் போனேன். அந்தத் தெருவில் மட்டும் ஆண்கள் ஓடுவதை நிறுத்தினார்கள். வெள்ளை வேட்டிக்காரர், தான் போடாத மனுவால் கடைசியில் நல்லதுதான் நடந்தது என்று ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்தினார். பையன் பள்ளிக்கூடம் போனான், முட்டியைப் பெயர்த்துக்கொண்டான், அம்மை போட்டுத் தேறினான். இதெல்லாம் என் அறிக்கைகளில் இருக்கிறது.

அறிக்கையில் இல்லாதது கோர்ட் முடிந்த அன்று மத்தியானம் நாங்கள் திரும்பிய பஸ். சந்தை நாள், கூடைகளும் கூட்டமுமாக இருந்தது. பையன் வளரப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலதிகாரியிடம் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவர்களை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. வாங்கினவள் தன் ஏழு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு முன்பக்கம் இடம் பிடித்தாள். பெற்றவள் எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையன் அவள் மடியில் ஏறிய உடனே தூங்கிவிட்டான்.

கண்டக்டர் கூடைகளைத் தாண்டி வந்தார்.

“ஏம்மா, கொழந்தை உன்னுதா?”

“இல்லீங்க. அதோ, அவங்களுது.”

“என்னுதுதான்!” என்று வாங்கினவள் முன்னாலிருந்து கத்தினாள். “எட்டும் என்னுதுதான்!”

கண்டக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த அகலமான கறுத்த முகம், பெரிய மூக்கு. வரிசையாக அதே மூக்கோடு ஏழு. அப்புறம் இங்கே குனிந்து, மடியில் தூங்குகிற பையனைப் பார்த்தார். கூரான முகவாய், ஒட்டிய கன்னம், இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்திருந்தன. நிமிர்ந்து பெற்றவளைப் பார்த்தார்.

“இன்னாம்மா வெளையாடறியா? அச்சு அசலா உன் மூஞ்சி” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அத்தனை நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கழுத்து வரை அந்தச் சிரிப்பு போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அடுத்த நொடியே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். முந்தானையை இழுத்துப் பையன் முகத்தை மூடினாள். ஊர் வந்து இறங்கும் வரை அதை அவள் விலக்கவே இல்லை.